வலது தோள்

பெயர்: பா. ஒச்சம்மாள்.
பதினொன்றாம் வகுப்பு, செக்கானூரணி.
எடை ஐம்பத்தொன்று. உயரம் கண்ணளவில் போட்டேன்,
டேப்பை யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.
பலம் என்று ஒரு கட்டம், பலவீனம் என்று ஒரு கட்டம்.
இரண்டும் ஒரே அளவு,
ஒரு ரயில் டிக்கெட்டின் அகலம்.

டிக்கெட்டின் அகலம் எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாக ஜங்ஷனில் மூன்றாம் கவுண்டர்.
அதற்கு முன் ஏழு வருடம் இடது கார்னர்.
அந்த வேலை கொடுத்ததுதான் இந்த வேலை.
கணுக்காலைப் பிடிப்பேன், பிடித்தால் விடமாட்டேன்.
இப்போது படி இறங்கும்போது
என் முழங்கால் தனியாக ஏதோ பேசுகிறது.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நீல மேட் விரித்திருந்தார்கள்.
மண்ணில் ஆடிய பிள்ளைக்கு மேட்டின் மேல் சந்தேகம்.
மண் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும்,
இது பாதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
ஷூ யாருடையதோ, முன்னால் துணி அடைத்திருந்தாள்.
முதல் ரெய்டில் தன் காலே தடுக்கி
ஒரு கை ஊன்றி எழுந்தாள்.
பக்கத்து நாற்காலி தவசியாண்டி சார்
பலவீனத்தில் உடனே எதையோ எழுதினார்.
ஷூவுக்கு மார்க் போட நான் வரவில்லை.

இரண்டாவது ரெய்டில்தான் பாட்டுக் கேட்டது.
கத்திப் பாடுகிற பிள்ளைகளுக்குப்
பாதி மூச்சு பயத்திலேயே போய்விடும்.
இவள் பாடியது தையல் மிஷின் ஓடுவதுபோல,
தாழ்வாக, சீராக, யாருக்கும் இல்லாமல்.
இரண்டு பேர் தொடையைப் பூட்டினார்கள்,
மூன்றாமவள் இடுப்பில் விழுந்தாள்.
பிடி விழுந்ததும் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம்.
இவள் அப்போதுதான் ஆரம்பித்தாள்.
கிளம்பிவிட்ட பஸ்ஸின் கம்பியை எட்டுகிறவள்போல
மூவரையும் சுமந்தபடி
நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.
விசில் ஊதியபோது
நடுவிரலின் நகம் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.
மூன்று புள்ளி.

‘பிடிபட்ட பிறகும் பிடிபடாதவள்’ என்று எழுதினேன்.
வசனம் மாதிரி இருந்தது, அடித்தேன்.
‘இடுப்பு தாழ்வு. இழுவை நன்று.’

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
பாய்வதற்கு அரை நொடி முன்
வலது தோள் இறங்குகிறது.
இறங்கினால் இடப்பக்கம் போகிறாள்.
மூன்று முறை அப்படித்தான்.
நாலாவது முறை முன்கூட்டியே மனசுக்குள் சொன்னேன்,
இடது.
போனாள்.
மேஜைக்கு அடியில் என் விரல்கள் தாமாக மடங்கின.
அந்தக் கணுக்கால் என் கையில் இருந்தது.

எழுதினால் விடுதியில் சேர்க்க யோசிப்பார்கள்.
எழுதாவிட்டால்
திருச்சியிலோ சேலத்திலோ எவளோ ஒரு கார்னர்
படிவம் இல்லாமலே படித்துவிடுவாள்.
‘வலது தோள் காட்டிக்கொடுக்கிறது’
என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்துக் கொடுத்தேன்.
கவரை ஒட்டினார்கள்.

ஐந்தரைக்கு மேஜைப் பக்கம் வந்தாள், ஷூ கையில்.
“மேடம், ஆறு பத்துக்குள்ள சொல்லிருவீகளா?
அடுத்த பஸ்ஸு எங்க ஊர்ல நிக்காது.”
இன்றைக்கு இல்லை, கடிதம் வரும் என்றேன்.
“யாருக்கு?”
பள்ளிக்கூடத்துக்கு.
“அப்பச் சரி.”
எது சரி என்று கேட்பதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்,
வெறுங்காலோடு.

வாசலில் ஓர் ஆட்டோ பின்னால் வந்துகொண்டிருந்தது.
வலது தோள் இறங்கியது.
நாற்காலியில் நான் இடப்பக்கம் சாய்ந்தேன்.
அவள் வலப்பக்கமாகப் போய்விட்டாள்.

ஆட்டோவை ஏமாற்றினாளா,
மத்தியானம் முழுக்க என்னையா?
தவசியாண்டி சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
டீ சாப்பிடலாமா என்கிறார்.
கவர் அதற்குள்தான் இருக்கிறது.
என் கை இன்னும் மூடியபடி இருக்கிறது,
உள்ளே ஒன்றும் இல்லை.