நாலு பேர்

லிஃப்ட் பத்தாவது மாடியோடு நின்றுவிட்டது,
பதினொன்றுக்குப் படியேறினேன்.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.

கதவுக்கு வெளியே செருப்புகள்.
எண்ணக் கூடாது; பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்,
பதில் சொல்பவர் வாயிலிருந்து வருவதுதான் எண்.
ஆனாலும் கண் எண்ணிவிட்டது: பதினொரு ஜோடி.
மூன்று, சிமெண்டு காய்ந்த பூட்ஸ்.
ஒன்று பெண்ணுடையது, பட்டை அறுந்து ஊக்கு குத்தியது.

பூன் லேயில் இந்த வீட்டுக்கு இது நான்காவது நடை.
முதல் தடவை, உள்ளே டிவி சட்டென்று அணைந்தது.
இரண்டாம் தடவை, "ஸ்கேம், ஸ்கேம்" என்று ஒரு குரல்.
அட்டையைக் கம்பிக்குள் நீட்டினேன்.
"அட்டையெல்லாம் அவனுங்களும் வச்சிருக்கானுங்க."
மூன்றாம் தடவை
ரசத்தின் வாசனை மட்டும் வீட்டில் இருந்தது.

இன்று திறந்தவர் வெள்ளைச்சாமி.
வீட்டுக்காரர் இல்லை.
வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்தவரிடம்
வாடகைக்கு இருப்பவர்.
கதவுதான் திறந்தது, கேட்டு திறக்கவில்லை.
அவர் தோளுக்கு மேலே
நாங்கள் அனுப்பிய கடிதம் தெரிந்தது,
ரைஸ் குக்கருக்கு அடியில், வட்டக் கறையோடு.
'குடியிருப்பாளருக்கு' என்று போட்டிருந்ததாம்.
"அந்தப் பேருல இங்க யாரும் இல்லம்மா."

எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

"நாலு பேர்."
மனப்பாடம் செய்த வேகம்.
உள்ளே யாரோ தும்மினார்கள்.
"நாலு பேர்" என்றார் மறுபடி,
தும்மலைக் கணக்கில் சேர்க்காமல்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
இது எண்ணுவதற்கு மட்டும்.
வீடமைப்புக் கழகத்துக்குப் போகாது,
மனிதவள அமைச்சுக்குப் போகாது, போலீசுக்குப் போகாது.
போகாது போகாது என்று சொல்லச் சொல்ல
அந்த இடங்களெல்லாம்
ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தன.

வீட்டில் அதிகம் பேசும் மொழி?

யோசித்தார்.
"வீட்டுல யாரும் பேசுறதில்ல.
நைட் ஷிஃப்ட் தூங்குறான், டே ஷிஃப்ட் வேலைக்குப் போயிட்டான்.
போன்லதான் பேச்சு. நமக்குத் தமிழு.
ரஃபிகுலுக்கு வங்காளம்."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
ரஃபிகுல் நாலில் இல்லை போலிருக்கிறது.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர்,
தலையணைச் சூடு ஆறவே ஆறாத கட்டில்
ஒரு ஆளா, இரண்டா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வழக்கமாக வசிக்கும் இடம்?

"வழக்கமாவா?" சிரித்தார்.
"ஊருல ரேஷன் கார்டுலேர்ந்து பேரை எடுத்தாச்சு.
ஆனா கோயில் தலைக்கட்டு வரிக்கு
வருஷம் தவறாம எண்ணிருவாங்க.
வெளிநாடுன்னா ரெட்டை வரி.
வாங்குறதுக்கு எண்ணுறது புரியுது.
நீங்க எதுக்கு எண்ணுறீங்க?"

பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி
எங்கே எத்தனை வேண்டும் என்று திட்டமிட...
அவர் பிள்ளை சிவகங்கைப் பக்கம் படிக்கிறது.
பாதி வாக்கியத்தில்
என் காதிலேயே அது விழுந்தது. நிறுத்திக்கொண்டேன்.

நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க என்று
அடிக்கடி சொல்வாள் என் அம்மா.
யார் அந்த நாலு பேர் என்று கேட்டதே இல்லை.
இப்போது விலாசம் கிடைத்துவிட்டது.
வயதும்:
நாற்பத்தொன்று, முப்பத்திநாலு, இருபத்தொன்பது, ஐம்பத்திரண்டு.
ஆண் நாலு. பெண் இல்லை.
ஊக்கு குத்திய செருப்பை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.

4 என்று தட்டினேன்.
நன்றி என்றது திரை.

கீழே வந்தால் மழை.
குடையை மாடியிலேயே விட்டிருந்தேன்.
படியில் ஒருவர் தடதடவென இறங்கி வந்தார், குடையோடு,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
தும்மியவர்தான்.
கொடுத்த பிறகும் நின்றார்.

"அக்கா, அந்த நாலுல நான் இருக்கேனா?"

வயது கேட்டேன். முப்பத்திநாலு.
"முப்பத்திநாலுன்னு ஒருத்தர் இருக்கார்" என்றேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
"அது சவரிமுத்துவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு
லிஃப்டுக்கு நிற்காமல்
படியேறிப் போனார்.