கரிச்சான் உட்கார்ந்த இடம்

பகலில் நான் மின்வாரியத்து ஆள்.
தொரப்பாடி, சாயிநாதபுரம், ஓட்டேரி வரைக்கும்
"நாய் கட்டியிருக்கா?" என்று கேட்டு
வாசல் வாசலாக அளவு எடுக்கிறவன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு என்றால்
பதினேழுதான்.
"பத்தாப் போட்டுக்குங்களேன் சார்" என்று
மோரை நீட்டுகிறவர்களுக்கும்
பதினேழுதான்.

இரவில் கம்பிகளை அழிக்கிறேன்.

மாசி மாதத்து ஞாயிறு, ஆறு பத்து.
கோட்டை அகழியோரம் முட்டி போட்டு எடுத்த படம்.
வெயில் கல்லுக்குள் இறங்கியிருக்கவில்லை.
மதில் பாதி சாம்பல், பாதி தேன்.
தண்ணீர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, எனக்காக.
எல்லாம் சரி.
உள்ளே ஒரு விளக்குக்காக
அகழியைத் தாண்டிப் போகும் எங்கள் துறைக் கம்பி மட்டும்
வானத்தின் குறுக்கே,
எழுதுமா என்று யாரோ பேனாவைக் கிறுக்கிப் பார்த்தது போல.

இரண்டு நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

கம்பி போனதும்
அதில் உட்கார்ந்திருந்த கரிச்சான்
காலடியில் எதுவுமில்லாமல்
வாலைப் பிளந்துகொண்டு அந்தரத்தில் நின்றது.
பறக்கிற மாதிரியும் இல்லை.
அதையும் எடுத்தேன்.
எடுத்த இடத்தில் வானம் கொஞ்சம் தடித்துப் போயிற்று.
வானத்தைச் சரி செய்தால் மதில் மஞ்சளாகிறது.
மதிலைத் தணித்தால்
படிக்கட்டில் பல் விளக்கும் ஆள் எடுப்பாகத் தெரிகிறார்.
அவரையும்.
அவர் இருந்த இடத்தில் பக்கத்துக் கல்லை நகலெடுத்து வைத்தேன்.
அந்த மதிலில் இப்போது ஒரே கல் இரண்டு இருக்கிறது.
யாருக்கும் தெரியாது,
எனக்குத் தெரியும்,
அதனால் தூக்கம் இல்லை.

கோட்டை இறுதி.
கோட்டை இறுதி இரண்டு.
கோட்டை நிஜமாகவே இறுதி.
கோட்டை இறுதி, வசுமதி பார்த்தது.

வசுமதி பார்த்தாள்.
ஒன்பதையும் பதினாலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
"ரெண்டும் கோட்டைதானே" என்றாள்.
பிறகு, "பாலை எறக்கிட்டுப் படுங்க."
நான் நானூறு சதவீதத்தில் இருந்தேன்.
அங்கே கோட்டை இல்லை, கல் இல்லை,
சின்னச் சின்னச் சதுரங்கள்,
ஒன்றும் பிசகில்லாமல்.
பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை
கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

பதினோராம் இரவு, சேமிப்பதற்குள்
கரண்ட் போயிற்று.
தெருவே இருட்டு.
பிரிவு அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன்.
லைன்மேன் தணிகாசலம் கொட்டாவியோடு சொன்னான்:
"கம்பி அறுந்துட்டு சார். எங்கன்னு தேடிட்டிருக்கோம்."
எனக்கு ஏனோ
கை வேர்த்தது.

லாங் பஜாரில் ஸ்டுடியோ.
பாஸ்போர்ட் படங்களை எட்டு எட்டாக
வெட்டிக்கொண்டிருந்தாள் பர்வீன்.
என் படம் அச்சாகி வெளியே வந்தது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு.
கத்தரியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"சார், இந்தக் குருவி எது மேல உக்காந்திருக்கு?"

எந்தக் குருவி என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் விரல் படத்தின் அடிப்பாதியில் இருந்தது.

தண்ணீரில்
முழுசாக இருந்தது கம்பி, தலைகீழாக.
அதைப் பற்றிக்கொண்டு கரிச்சான்.
பிளந்த வால்.
படியில் ஆளே இல்லாமல்
பல் விளக்கும் ஆளின் நெளிந்த வெள்ளைப் பனியன்.
பதினோரு இரவும் நான் வானத்தையே பார்த்திருக்கிறேன்.

"வேற எடுக்கட்டுமா?" என்றாள்.
வரிசையில் பின்னால் இருந்த பையன்,
அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்காக நெற்றி வழித்து வாரியவன்,
"அண்ணே, சீக்கிரம்" என்றான்.

வேண்டாம் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.
செலவும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை.
சாயிநாதபுரம் மூன்றாவது தெரு,
இரும்புக் கதவு, கட்டாத நாய்.
அளவியில் எண் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.
நாலு கம்பி, ஒரு காத்தாடி வால்,
யார் வீட்டுக்கோ போகும் கேபிள்.
கேமரா வீட்டில் இருந்தது.

நாய் குரைக்கும்வரை
அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.