தலையணைக்கு விட்ட வெள்ளை

இக்னேஷியஸ் கருத்தரங்குக்கு ஒரு படம் கேட்டான்.
தலைப்பு ஒரு கிரேக்கச் சொல்: அக்ரசியா.
தெரிஞ்சே கெணத்துல விழுறதா என்றேன்.
அதேதான், ஆனால் ஏதென்சில் ஒருவர்
அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாராம்:
ஆழம் தெரிந்தவன் குதிக்க மாட்டான்,
குதித்தால் அவனுக்கு ஆழம் தெரியாது.
பின்னால் வந்த இன்னொருவர், தெரியும்,
ஆனால் அந்த நேரம் பார்த்துத்
தெரிந்தது தூங்கிவிடும் என்றாராம்.

ஒரு வாரம் வீணாய்ப் போனது.
ஜிலேபித் தட்டோடு சர்க்கரை நோயாளி:
ஆஸ்பத்திரிச் சுவரொட்டி போல வந்தது.
கோரிப்பாளையத்தில் சிவப்பைத் தாண்டும் பைக்:
போக்குவரத்துப் போலீஸ் விளம்பரம்.
இரண்டையும் கிழித்துப் போட்டுச்
சனிக்கிழமை காலை கொங்கர்புளியங்குளம் போனேன்.

பாறைக்கடியில் சமணர் படுக்கைகள்,
வரிசையாய், வழவழவென்று,
நினைத்ததைச் செய்து முடித்தவர்களின் முதுகு பட்டு.
வீட்டை விட்டார்கள், ருசியை விட்டார்கள்,
உடுத்தியதையும் விட்டிருக்கலாம்.
ஆனால் தலைமாட்டில்
உளிக்காரன் ஒரு விரற்கடைக் கல்லை
வெட்டாமல் விட்டிருக்கிறான்.
தலையணை.
யார் கேட்டிருப்பார்கள் அதை?
எந்தக் குரலில்?
வாய்விட்டுச் சிரித்தேன்.
மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு நிமிர்ந்து பார்த்தது.

அங்கேயே உட்கார்ந்து காகிதத்தை நனைத்தேன்.
நிழலுக்குக் கருநீலம், பாறைக்குச் செங்காவி.
அந்த மேட்டில் மட்டும் பத்தரை மணி வெயில்.
அதற்கு வண்ணம் கிடையாது;
நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது
தொடாமல் விட்ட காகிதம்.
இருபது வருசமாய் எட்டாம் வகுப்பில்
இதைத்தான் கத்துகிறேன்:
போதும், கையை எடு.

படம் முடிந்துவிட்டது.
முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.
கழுவப் போன தூரிகை
வழியில் மஞ்சளில் நின்றது.
ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு,
கல்லின் சூடு தெரியட்டுமே.

இக்னேஷியஸ், இதைக் குறித்துக்கொள்.
தெரிந்தது தூங்கவில்லை.
என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு
வேண்டாம்டி, வேண்டாம்டி என்றது.
ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டிக்கொண்டேதான் வைத்தேன்.

ஈர நீலம் மஞ்சளுக்குள் இறங்கி
தலையணை முழுக்கக் குளத்துப் பாசி.
துணியால் ஒற்றினேன்.
ஒற்றினால் பரவும். அதுவும் தெரியும்.

சாயங்காலம் அரசரடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
ஆளே இல்லையே என்றான்.
இங்கே என்று பச்சையைக் காட்டினேன்.
இதை மட்டும் எடுத்துவிட முடியாதா?
முடியாது என்றேன்.
கைப்பைக்குள் தூரிகை
இன்னும் ஈரமாய்த்தான் இருந்தது.