பின்கதவுக்குக் கிட்ட

போயா நாள். எவரும் கூப்பிடமாட்டார்கள் என்று நம்பி
புளூமெண்டல் ஒழுங்கையில் வேனை மதிலோடு ஒட்டி நிறுத்தி
உள்ளே இருந்த அவ்வளவையும் நிலத்தில் கொட்டினேன்.

ஒன்பது வருடச் சேர்மானம்.
அரை இஞ்சி எல்போ, முக்கால் எல்போ,
கொழும்பில் எந்தக் குழாய்க்கும் பொருந்தாத
ஒரு ஜேர்மன் யூனியன்,
பல்லுப்போன ரெஞ்ச்,
கல்லாய்க் காய்ந்த கம் டின் நாலு.
ஒவ்வொன்றும், இல்லையென்று நினைத்து
வழியில் நிறுத்தி வாங்கியது.

நஸ்லிம் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"என்ன பாஸ், வேனை விக்கப் போறீங்களா?"

செலஸ்டீனா பாமசியில் நிற்கிறவள்.
படியில் தேத்தண்ணியோடு இருந்து சொன்னாள்:
"சைஸ் பாத்து அடுக்காதீங்க.
எங்கட கடையில பனடோல் மேசைக்குக் கிட்ட.
வருசத்துக்கு ஒருக்காக் கேக்கிற மருந்து
ஏணி வச்சு எடுக்கிற தட்டில."

சரிதான்.
வெள்ளவத்தையில், ஆறாம் மாடியில்,
குழாய் வெடித்துத் தண்ணீர் சோபாவுக்குக் கீழே போகும்போது
யார் கேட்கப் போகிறார் எல்போவை?
முதலில் நிறுத்தவேண்டும். திருத்துவது பிறகு.
ஆகவே நிறுத்துகிறவை எல்லாம் பின்கதவோடு:
என்ட் கெப், கேட் வால்வு, டேப்,
சைக்கிள் டியூப் கீலம்,
தரை துடைக்க இரண்டு பழைய சாரம்
(அவர்கள் துணி தேடி முடிப்பதற்குள்
மரத்தரை ஊதிவிடும்).

வொஷர்களுக்கு மார்மைட் போத்தல்.
மூடிகளைக் கூரைப் பலகையில் ஆணியடித்து,
பதினாறு போத்தலையும் திருகி ஏற்றி,
கீழே படுத்துப் பார்த்தேன்.
கறுத்தக் கண்ணாடி. எதற்குள் எது என்று
கடவுளுக்குத்தான் வெளிச்சம்.
மடையன்.
எல்லாம் கழற்றி, மறுபடி ஜாம் போத்தலில்.

இரண்டாயிரத்து எட்டில், ஆமர் வீதிச் சந்தியில்
இதேபோல் கொட்டுப்பட்டது.
நான் கொட்டவில்லை.
மன்னாரிலிருந்து வந்து ஏழு மாதம்,
அலோசியஸ் பாஸின் வேனில் கையாள்.
என்னைவிட இளைய ஒருவன், துவக்கு தோளில்,
ஒரு பைப் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்து
ஊடாக என்னைப் பார்த்தான்.
"மேக்க மொக்கத?"
வத்துர, என்றேன். வத்துர, சேர்.
அன்றைக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
பாதி தண்ணீரைப் பற்றியது.
அவன் சிரித்தான் என்று நினைக்கிறேன்.
பொறுக்கி அடுக்க முக்கால் மணித்தியாலம்,
பின்னால் பஸ்ஸெல்லாம் ஹோர்ன்.
ஒரு நட் உருண்டு கானுக்குள் போனது.

இப்போது யாரும் கொட்டுவதில்லை.
"ஒண்டுக்கும் மூடி போடேல்லையே" என்றாள் செலஸ்டீனா,
"தட்டெல்லாம் ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு."
அதுவரை நான் கவனிக்கவில்லை.
எடுக்கச் சுகம், என்றேன்.

பில் புத்தகத்துக்கு இடம் செய்யவில்லை.
கறுவாத்தோட்டத்து மேடம், ஏழாயிரத்து ஐந்நூறு,
ஒக்டோபரிலிருந்து. அவவை மட்டும்
வெயில் மறைக்கும் தட்டிக்குப் பின்னால் செருகினேன்.
வெயிலடித்து இழுக்கும்போதெல்லாம்
மடியில் விழட்டும்.

நாலு மணிக்குப் போன்.
தெமட்டகொடை. ஒரு பெண்குரல்,
பின்னால் பிள்ளைகளின் கும்மாளம், தண்ணீர்ச் சத்தம்.
"பாஸ், மெயின் வால்வு சுத்துது சுத்துது, நிக்குதில்ல!"
பாதிச் சாமான் இன்னும் நிலத்தில்.
ஜேர்மன் யூனியனையும் சேர்த்துப் படங்கால் மூடி,
நானாவிடம் ஒரு கண் வைக்கச் சொல்லி
ஏறினேன்.
வேன் இவ்வளவு இலேசாய் ஓடி நாளாகிவிட்டது.
தலைக்கு மேலே போத்தல்கள் கிணுகிணுத்தன.

ஆமர் வீதி சிக்னலில் பிரேக் அடிக்க
பின்னால் ஏதோ கொட்டுண்டது.
திரும்பிப் பார்க்கவில்லை.
சத்தத்திலேயே தெரிந்தது:
இடப்பக்கம், இரண்டாம் தட்டு,
முக்கால் எல்போ.