அட்டவணை 9.4

மூன்று தொகுதிகள். இரண்டாவதற்கு முதுகு இல்லை.
மூடிப்போன பாலிடெக்னிக் ஒன்றின் ஏலத்தில்
எடைக்கு வந்தவை,
கூடவே ஓடாத சென்ட்ரிஃபியூஜ் ஒன்றும்.
போன ஆனி மழையில் தாள்கள் உப்பி
அலமாரிக்குள் திரும்ப நுழைய மறுத்துவிட்டன.
அன்றிலிருந்து என் மேசையில்தான் இருப்பு,
தராசுக்கும் ஆறிப்போன சாயாவுக்கும் நடுவில்.

ஓரங்களில் யாரோ பென்சிலால் பேசியிருக்கிறார்:
‘பிளாங்க் இரண்டு தடவை.’
‘இந்தச் சமன்பாடு அச்சுப்பிழை. நான் மூன்று நாள் அழுதேன்.’
‘விளக்கு சூடாக இருபது நிமிடம்.
பத்தொன்பது அல்ல.’
முன்னுரை எழுதிய பேராசிரியர்களைவிட
இவரைத்தான் எனக்குப் பழக்கம்.
பெயர் தெரியாது.
ஏழு எழுதினால் இடுப்பில் ஒரு கோடு போடுவார்.

மாசி கடைசியில், பத்துகாணியிலிருந்து
இரண்டு பஸ் மாறி மார்த்தாண்டம் வந்தார் எல்பின்தாஸ்.
கையில் நான் கையெழுத்திட்ட அறிக்கை,
எட்டாய் மடித்தது.
“எனக்க தேன்ல சீனிப்பாவு உண்டுன்னா எழுதியிருக்கிய?”

நான் எழுதவில்லை.
எட்டு இருக்கவேண்டிய நொதி
ஐந்து புள்ளி ஒன்று என்று எழுதினேன்.
கலப்படம் என்று வாசித்தது கொள்முதல்காரன்.
முப்பத்தாறு டின் திரும்பி வந்துவிட்டது.

அவர் பையிலிருந்து ஒரு அடையை எடுத்தார்.
வாழையிலையில் பொதிந்தது, இன்னும் மூடி உடைக்காத அறைகள்.
“இதுல நான் எங்க வச்சு கலக்குவேன்? சொல்லுங்க.”

என் முன்னால் பிழிந்தோம்.
மெல்லிய மஞ்சள், தண்ணீர்போல ஓடும் தேன்.
ரப்பர் மரம் தையில் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது
பூவில் அல்ல, இலைக்காம்பில் கசியும் இனிப்பு.

ஸ்டார்ச்சில் அயோடின் விட்டால் நீலம்.
தேன் அந்த நீலத்தை மெல்ல மெல்லத் தின்னும்.
எவ்வளவு சீக்கிரம் தின்கிறதோ அவ்வளவு நொதி.
நாற்பது டிகிரி தொட்டியில் குழாய்கள் நின்றன.
எல்பின்தாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு
கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவசரப்படாத நீலம்.

நடுவில் கரண்டு போயிற்று.
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
விளக்குக்கு இருபது நிமிடம்.

ஐந்து புள்ளி மூன்று.
சூடுபட்டால் ஏறும் மற்றொரு எண்ணையும் பார்த்தேன்:
நான்கு. பச்சைக்குழந்தை மாதிரி சுத்தம்.
இந்தத் தேன் அடுப்பைக் கண்டதில்லை.
நொதியே அவ்வளவுதான் போலும்.

இரண்டாம் தொகுதி, அட்டவணை 9.4:
இயல்பிலேயே நொதி குறைந்த தேன்கள்.
ஆரஞ்சு இருக்கிறது. எலுமிச்சை இருக்கிறது.
நான் வாழ்நாளில் பார்க்கப்போகாத
ஏதோ மலைச்சரிவுப் புதர் இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே, களியல் வரைக்கும்
வரிசை வரிசையாய் நிற்கும் மரம் இல்லை.

பென்சிலைச் சீவினேன்.
அட்டவணைக்குக் கீழே, மிச்சமிருந்த வெள்ளையில்:
‘ரப்பர், பத்துகாணி. 5.3.’
இடுப்பில் கோடுபோட்டவர் பின்னால் நின்று
தொண்டையைச் செருமினதுபோல் இருந்தது.
தொடர்ந்து எழுதினேன்:
‘மாதிரி ஒன்றே ஒன்று. இன்னும் நம்பவேண்டாம்.’

“அப்ப ஜெயிச்சாச்சா?” என்றார்.
இல்லை என்றேன். ஒரு அடை சாட்சி ஆகாது.
வேறு வேறு தோட்டம், வேறு வேறு ஆட்கள், அடையோடு வேண்டும்.
எத்தனை?
பன்னிரண்டாவது.
அவர் என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் கருவியிலும் வைத்து அளக்கமுடியாது,
நான் பைபெட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பங்குனி ஒன்பதாம் தேதி
சாக்குப்பையில் பதினொரு குவார்ட்டர் பாட்டில்கள்.
அடை கொண்டுவந்தால் பஸ்ஸில் எறும்பு ஏறுகிறதாம்.
ஒன்றில் பிராந்தி வாசனை போகவே இல்லை.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
பத்து.

கொள்முதல்காரனிடமிருந்து பதில் இல்லை.
வெள்ளை தீர்ந்து அடுத்த பக்கத்து ஓரத்துக்கு
வந்துவிட்டது என் வரிசை.
இப்போதெல்லாம் ஏழு எழுதினால்
நானும் ஒரு கோடு போடுகிறேன்.

விளக்கைப் போட்டாயிற்று.
இன்னும் பதினாறு நிமிடம்.