மணல் மூட்டை

நான்கு நாளாய் மேற்குக் காற்று, ஓடுபாதைக்குக் குறுக்கே.
ஐந்து மணிக்கே எழுந்து ஒரிசியா
களஞ்சியத்தின் முகட்டில் கட்டிய ஆரஞ்சுத் துணியைப் பார்க்கிறாள்.
விறைத்து நிற்கிறது.
"இன்றைக்கு இல்லை."
பிறகு காபிப் பொடியை
பெட்ரோல் அளக்கிற கவனத்தோடு அளக்கிறாள்.

பதினோரு குளிர்காலம்.
டிராக்டர் நின்ற இடத்தில் இறக்கைகள் கிடந்தன.
டிராக்டர் பனியில் கிடந்தது.
மரவிலாக்கள் நான் ஒட்டியவை, மொத்தம் இருபத்தாறு.
அதில் ஒன்று கோணல்; எது என்று சொல்லமாட்டேன்.
துணி போர்த்தியவள் அவள்.
என் சட்டைகள் அறியாத இஸ்திரிப் பெட்டியால்
சுருக்கம் எடுத்து, எடுத்து,
விரலால் சுண்டினால் பறைபோல் அதிரும்வரை.

மூக்கு வானத்தில், வால் புல்லில்:
நிற்கும்போதே கர்வம் பிடித்த விமானம்.
உள்ளே உட்கார்ந்தால் எஞ்சின் மூடிதான் தெரிகிறது.
பாதையைப் பார்க்க வேண்டுமென்றால்
இடம் வளைந்து, வலம் வளைந்து,
குடித்தவன் வீடு திரும்புவதுபோல் போகவேண்டும்.
தலை இருக்க வால் ஆடலாமா என்று கேட்காதீர்கள்.
இதில் ஆடும்.
ஒரு நொடி கால் மறந்தால்
வால் தலையை முந்திக்கொண்டு போய்
வந்த வழியைப் பார்த்து நிற்கும்.
அதற்காகத்தான் யார்க்டனில்
ஒரு கிழட்டு வாடகை விமானத்தில்
பதினான்கு மணி நேரம் இறங்கி ஏறி இறங்கி வந்தாள்.
இரவில் போர்வைக்குள் இன்னமும் அவள் பாதங்கள்
இடது, வலது, இடது.

ஏறும் கோணத்தில் எரிபொருள் ஓடுகிறதா என்று பார்க்க
வால் சக்கரத்துக்கு ஒரு குழி வெட்டினேன்.
வேலிக்கு அப்பாலிருந்து லூபோமிர் கேட்டான்:
"யாரைப் புதைக்கப் போகிறீர்கள்?"
யாரும் சிரிக்கவில்லை.
அவனே தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு
வாளியைப் பிடிக்க வந்தான்.

சோதகர் தோர்வால்ட்சன்
பல் மருத்துவர்போல் ஒரு சிறு கண்ணாடியும் டார்ச்சுமாய் வந்தார்.
மூன்று மணி நேரம். பேச்சே இல்லை.
வலது இறக்கைக்குள், ஒரு திருகாணி அருகே,
பென்சில் முனை நின்றது.
ஆணி கழலாமல் கோக்கவேண்டிய ஊசி
அங்கே இல்லை.
அது நான் முடுக்கிய ஆணி.
ஒரிசியா என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.
அன்றிரவு பன்னிரண்டு மணிவரை, தனித்தனியாக,
எல்லா ஆணிகளையும் இருவரும் எண்ணினோம்.
என் கணக்கும் அவள் கணக்கும் ஒத்துப்போனபிறகுதான்
சாப்பிட்டோம்.

சட்டம் இது: முதல் இருபத்தைந்து மணி நேரம்
அவளைத் தவிர யாரும் ஏறக்கூடாது.
எடை சோதிக்க வேண்டிய நாளில்
பக்கத்து இருக்கையில் மணல் போகும்.
எண்பத்திரண்டு கிலோ. என் எடை.
மூட்டையின் வாயை நானே தைத்தேன்.
எனக்கு முன்னால் அது பறந்துவிடும்.
பரவாயில்லை, அது எதையும் முடுக்கியதில்லை.

ஐந்தாம் காலை துணி தொங்குகிறது.
ஓடுபாதையில் அணில் வளைகளை மிதித்து மூடிவிட்டு வருகிறேன்.
கருவிப் பலகையில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறாள்:
ஐந்நூறு அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால்
திரும்பாதே. நேரே.
நேரே இருப்பது லூபோமிரின் கனோலா வயல், முழுப் பூவில்.
"இறங்கினால் இறங்கட்டும்" என்கிறான்,
"பில் அனுப்பமாட்டேன்."

கிளம்புமுன் காலி இருக்கையின் வார்களை
இறுக்கிப் பூட்டுகிறாள்.
தளர்ந்து கிடந்தால் ஓட்டுகோலில் சிக்கும்.
காரணம் அவ்வளவுதான்.
ஆனாலும் ஆள் இருப்பதுபோல்
ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.

கொட்டகை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் தீயணைப்பான், கையில் வாக்கி-டாக்கி.
புல்லின் கடைசியில் அவள் விமானத்தைத் திருப்பி நிறுத்துகிறாள்.
இனி முன்னால் அவளுக்கு எதுவும் தெரியாது.
"டென்பி, வேலிப்பக்கம் மான் ஏதாவது?"

பார்த்தேன்.
மறுபடி, இடக்கோடியிலிருந்து,
ஒவ்வொரு கம்பமாய்ப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.