ஒரு நெடில், இரண்டு குறில்

இரவு ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது,
திரை மட்டும்
இடித்த புளி மாதிரி இருந்தது.

நாளைக் காலை ஆறு மணிக்கு சால்மன் ஆலையில்
யார் கத்தி பிடிப்பது, யார் பனிக்கட்டி அள்ளுவது,
யாருக்கு முதுகுவலி, அதனால் உட்காரும் வேலை,
இருபத்துமூன்று பேரின் பட்டியல்
அதற்குள் கிடக்கிறது.
பெரிய பெட்டி. பதினான்கு வயது.
மகன் விட்டுப்போனது.
அவன் ஆர்ஹுசில் இருக்கிறான்,
தொலைபேசியை எடுக்கவில்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.
அணைத்துப் போட்டேன்.
செருகியைப் பிடுங்கிவிட்டு
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தேன்
(எதற்கென்று தெரியாது, யாரோ சொன்னது).
அச்சுப்பொறியின் கம்பியைக் கழற்றி இதில் மாட்டினேன்.
பக்கவாட்டில் ஒரு தட்டு.
இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக.

வெளியே கிளாக்ஸ்விக் முழுக்கக் காற்று.
சாயங்காலம் இரண்டு தரம் மின்சாரம் போய் வந்தது.
அப்போதே கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"அது பேசுகிறது" என்றான் ஹானுஸ்,
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.
எது?
"உன் பெட்டி. ஒரு நெடில், இரண்டு குறில். டி."

பத்தொன்பது வருடம்
மீன்பிடிக் கப்பல்களின் வானொலி அறையில் உட்கார்ந்தவன்.
நான் கூப்பிட்டால் காதில் விழாது,
கொதிக்கும் கெட்டில் விழாது,
இது விழுகிறது.

டி என்றால்?
"சாவுக்கு நம் மொழியில் அதுதான் முதலெழுத்து"
என்று பக்கத்தைப் புரட்டினான்.

கைபேசியில் தேடிப் பார்த்தேன்.
எழுத்தை அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.
பொருள்தான் வேறு:
திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் கோளாறு.
சாவு இல்லை,
கண்நோய்.

நான்கு திருகாணிகள். ஒன்று வரமாட்டேன் என்றது,
வெண்ணெய்க் கத்தியின் முனை வளைந்தபின் வந்தது.
உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முயல் அளவு தூசி.
விசிறியின் கழுத்தில் சுற்றிக்கொண்டு
சிவப்புக் கம்பளி நூல்.
அந்தத் தொப்பியை நான் பின்னி
இரண்டு குளிர்காலம் ஆகிறது,
யாரும் போட்டதில்லை.

ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு அட்டையை உருவினேன்.
அதன் பொன்னிறப் பற்களைப்
பென்சில் அழிப்பானால் தேய்த்தேன்.
திரும்ப வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன்.
ஒன்று உடைந்த சத்தமும்
ஒன்று பொருந்திய சத்தமும்
ஏறக்குறைய ஒன்றுதான்,
அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பொத்தான்.

ஒரு குறில்.
ஒன்றே ஒன்று.

"எ" என்றான் ஹானுஸ்.
இந்த முறை எழுந்து வந்திருந்தான்,
செய்தித்தாளோடு, காலுறை ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு.
எ-வில் தொடங்கும் சொற்கள் நம்மிடம் எத்தனையோ.
எனக்கு முதலில் வந்தது
'நான்' என்பதற்கான சொல்.
அவனுக்கு என்ன வந்ததென்று கேட்கவில்லை.

திரை வெளுத்தது.
கீழ்மூலையில் தேதி பதினான்கு வருடம் பின்னால் நின்றது.
பொத்தான் பேட்டரியும் போய்விட்டிருக்கிறது.
சமையலறைத் தராசுக்குள் இருந்ததைக் கழற்றி இதில் போட்டேன்.
இனி மாவைக் கையால்தான் அளக்கவேண்டும்.
போகட்டும், ரொட்டி எப்படியும் கல்லாகத்தான் வருகிறது.

பட்டியல் இருந்தது. இருபத்துமூன்று பெயரும்.
பியார்த்தாவுக்கு உட்காரும் வேலை,
எனக்குக் கத்தி.
அனுப்பும்போது மணி பன்னிரண்டு இருபது.

அணைக்கவில்லை.
இன்னொரு தரம் எழுமா என்று
சோதித்துப் பார்க்கும் துணிச்சல் இன்றிரவு இல்லை.
விசிறி ஓடிக்கொண்டிருக்கட்டும்.
ஹானுசுக்கு அந்த இரைச்சல் கேட்காது,
எனக்குத்தான் கேட்கும்.
கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.